ஏழாவது வரிசை

போவா சோம்ப்ரா குடியேற்றம், மாத்தோ குரோசோ
20 ஜனவரி 2008

என் அன்பு மகள் மரினால்வாவுக்கு,

நீ ஆசி கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறேன்: கடவுள் உன்னைக் காப்பாராக. நான் நலம். நீயும் மாப்பிள்ளை எட்மில்சனும் நலமா?

இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிக்காதே. நான்தான் எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் உன் அப்பா ஜொவெலினோவின் கை எழுதுகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. பென்சில், அழிப்பான், நான். ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும். சூடான காப்பிதான் எழுபது வருடம் குடித்தாயிற்றே.

மாலை வகுப்பு நடத்தும் சுலெய்டி டீச்சர், “ஜொவெலினோ ஐயா, மொதக் கடுதாசி யாருக்கு?” என்று கேட்டார். “எம் பொண்ணுக்குத்தான். பரானாவுல சோயா வெதை ஆராய்ச்சி பண்றா. இத்தன வருசம் அவ எழுதுனத அடுத்தவன் வாயாலதான் கேட்டேன். இனிமே என் கண்ணால கேப்பேன்” என்றேன். கண்ணால் கேட்க முடியாது என்று திருத்தினார். எனக்கு முடியும்.

நீ அனுப்பிய பத்து விதை உறையும் வந்தன. மேலே இருந்த எண்களை ஒன்றிலிருந்து பத்து வரை நானே வாசித்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் பத்துச் சின்ன வரிசைகளுக்கு மண்ணைக் கிளறி வைத்திருக்கிறேன். நாளை விதைப்பேன்.

போன வருடம் துரு நோய் என் சோயாவை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். கார்னிவல் திருவிழா வருவதற்குள் இலையெல்லாம் கொட்டி, வயல் முழுக்கக் குச்சியாக நின்றது. மூன்று தடவை மருந்து அடிக்கப் பக்கத்து நிலத்து வால்டிரிடம் டிராக்டர் இருக்கிறது. என்னிடம் இருப்பது முதுகில் மாட்டும் தெளிப்பான், அதைத் தாங்கும் முதுகுதான் இல்லை. இந்த வருடம் சோளமும் மரவள்ளியும் போட்டுவிட்டேன். வேலியோரம் நின்று வால்டிர் கேட்கிறான்: “பெரிசு, நெலத்த எனக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு, பொண்ணு வீட்டுல போய்க் கால நீட்டி உக்காரேன்யா.” “எம் பொண்ணு துரு புடிக்காத வெதை கொண்டாருவா. அப்ப வந்து பேசு” என்றேன். “அது வர்றதுக்குள்ள நீ மேல போய்ச் சேர்ந்துருவ” என்று சிரித்தான்.

இனிமேல் அவன் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிடாதே. நான் பேசி முடிக்கும்வரை அவன் மனைவி அதே இடத்தைப் பெருக்குகிறாள். தவிர, போனில் பேசினால் பேசியது போய்விடுகிறது. கடிதம் மறுநாளும் மேசைமேல் இருக்கும்.

மாப்பிள்ளை எட்மில்சனுக்கு என் அன்பு. அக்கார்டியனைத் தூசி தட்டி வைக்கச் சொல், இங்கே வந்து வாசிக்க வேண்டும்.

உன் அப்பா
ஜொவெலினோ


லோண்ட்ரினா, பரானா
6 பிப்ரவரி 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசி தாருங்கள். நான் நலம். நீங்கள் நலமா? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

உறையைப் பிரித்ததும் முதலில் பயந்துவிட்டேன். யாரோ உங்களைப் பற்றி எனக்கு எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். “நான்தான் எழுதுகிறேன்” என்ற வரிக்கு வந்தபின் உட்கார்ந்துவிட்டேன். கார்னிவல் விடுமுறை, ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடிக் குடிலில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து மூன்று முறை படித்தேன்.

விதை பற்றி: மருந்து எதுவும் அடிக்காதீர்கள். துரு வரட்டும். உங்கள் பக்கத்துத் துருதான் மகா பொல்லாதது. இங்கே நோயைத் தாங்கிய விதைகள் அங்கே வந்து தோற்றிருக்கின்றன. விதைக்குள் நாங்கள் ஒரு பூட்டு போட்டால் அது திறந்துவிடுகிறது. அதனால் ஆசியாவிலிருந்து வந்த இரண்டு பழைய சோயாக்களின் எதிர்ப்புக் குணத்தை ஒரே செடிக்குள் சேர்க்கப் பார்க்கிறேன். ஒன்பது வருட வேலை, அப்பா. உங்கள் மண்ணில் நின்றால்தான் அது நின்றதாகக் கணக்கு.

பத்து வரிசையில் எது என்னுடையது, எது ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வாளி அந்த வரிசைக்கே போகும். ஒவ்வொன்றிலும் பாதி விதையை இங்கே நிலையத்து வயலில் விதைத்திருக்கிறேன். மீதிப் பாதி உங்களிடம்.

நீங்கள் சொன்னபடி இனிக் கூப்பிட மாட்டேன், எழுதுகிறேன்.

உங்கள் மகள்
மரினால்வா


போவா சோம்ப்ரா
18 மார்ச் 2008

என் அன்பு மகள் மரினால்வாவுக்கு,

கடவுள் உன்னைக் காப்பாராக. நான் நலம், ஒரு காது மட்டும் வீங்கியிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? போன கடிதத்தில் அவனைப் பற்றி எழுத உனக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, தாள் சிறியது.

உன் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இவ்வளவு நீளமான ஞாயிற்றுக்கிழமையை நான் இப்படிச் சந்தோஷமாகக் கழித்ததில்லை.

விதைகள் நன்றாக முளைத்தன. முழங்கால் உயரம் தாண்டிவிட்டன. போன வாரம் துருவும் வந்துவிட்டது. ஆனால் கவலைப்படாதே, உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். மற்ற ஒன்பது வரிசையும் மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. ஏழாவது வரிசைதான் பார்க்கச் சகிக்கவில்லை. இலை முழுக்கக் கருஞ்சிவப்புப் புள்ளி, நெருப்புப் பொறி தெறித்த சட்டை மாதிரி. ஒன்பது வருடம் உழைத்த என் மகளின் வயலில் இப்படி ஒரு வரிசையா? பீன்ஸில் நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கி எரிப்பது நம் வீட்டு வழக்கம். நீயும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னால் பிடுங்கி வந்தவள்தானே. நேற்றுக் காலை ஏழாவது வரிசையைப் பிடுங்கி எரித்துவிட்டேன். இப்போது வயல் மணப்பெண் மாதிரி இருக்கிறது.

காது விஷயம்: அந்த வரிசை முடியும் இடத்தில் வேலிக் கம்பத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. கடைசிச் செடியை இழுத்தேன், குளவிகள் கிளம்பிவிட்டன. கையோடு வந்தது பாதிச் செடிதான். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வால்டிர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னா பெரிசு, கார்னிவல் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, இப்பத்தான் சாம்பா ஆடுறியா?” என்றான்.

ஈஸ்டருக்கு இரண்டு பேரும் வருவீர்கள்தானே? கோழி இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் கட்டிலுக்குப் புது வைக்கோல் மெத்தை தைத்தாயிற்று. மாப்பிள்ளைக்கு முதுகு வலிக்காது.

எட்மில்சனுக்கு என் அன்பு.

உன் அப்பா
ஜொவெலினோ


லோண்ட்ரினா
14 மார்ச் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசி தாருங்கள். நான் நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

ஈஸ்டருக்கு வருவதாக நினைத்திருந்தேன், முடியாது. திங்கட்கிழமை இங்கே ஆலங்கட்டி மழை பெய்தது. கால் மணி நேரம்தான். வயலில் ஒரு செடி மிஞ்சவில்லை. கோழி முட்டை அளவு கட்டிகள், கண்ணாடிக் குடிலின் கூரைகூட உடைந்துவிட்டது. என் விதைகளில் இங்கே விதைத்த பாதி போய்விட்டது. சேமிப்பில் அந்த ரகம் ஒரு மணிகூட இல்லை. ஒரே ஒரு தாய்ச் செடியிலிருந்து எடுத்த விதை அது.

ஆகவே இனி எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்: ஏழாவது வரிசை. அதுதான் என்னுடையது.

உங்கள் பக்கம் துரு வந்திருக்கும். பயப்படாதீர்கள், பத்து வரிசையில் ஏழாவதுதான் அசிங்கமாகத் தெரியும். இலையெங்கும் கருஞ்சிவப்புப் புள்ளி விழும். அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். துருவைத் தாங்கும் செடி என்றால் துரு தொடாத செடி இல்லை, அப்பா. துரு ஒரு பூஞ்சைதானே, அது தொட்ட இடத்தைச் சுற்றி இலை தன்னைத்தானே சாகவிடும். செத்த இடத்தில் துருவுக்குச் சாப்பாடு இல்லை, அது அங்கேயே முடிந்துபோகும். அந்தச் சாவுதான் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. மற்ற வரிசைகளில் வெளிறிய சின்னப் புள்ளிகள்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவைதான் இரண்டு வாரத்தில் மொட்டையாகும்.

அசிங்கமாக இருக்கிறதே என்று எதுவும் செய்துவிடாதீர்கள். அப்படியே விடுங்கள்.

உங்கள் மகள்
மரினால்வா


போவா சோம்ப்ரா
31 மார்ச் 2008

என் அன்பு மகளுக்கு,

கடவுள் உன்னைக் காப்பாராக.

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும்.

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். நான் வாசிப்பதில் புதியவன். அதனால் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்தேன். சுலெய்டி டீச்சரிடம் கொண்டுபோய், “இந்த எடத்துல என்னா எழுதியிருக்கு, நீங்க படிங்க” என்றேன். அவரும் அதையே படித்தார். “ஏன் ஐயா, நீங்க சரியாத்தான படிச்சிருக்கீங்க?” என்றார். முதல் தடவையாக நான் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்திருக்கிறேன்.

மகளே, நான் பிடுங்கினேன். எரித்தேன். சாம்பலைக்கூட மரவள்ளிக்குப் போட்டுவிட்டேன்.

வேறு எழுத வரவில்லை. நீயும் எட்மில்சனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அப்பா


லோண்ட்ரினா
12 மே 2008

அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை அதிகம், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

யார்மேலும் தப்பில்லை. வரிசையைப் பிடுங்கக் கூடாது என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பீன்ஸ் வயலில் உங்கள் பின்னால் நடந்தவள் நான், எனக்கே தோன்றவில்லை.

மற்ற ஒன்பது வரிசைகள் என்ன ஆயின என்று முடிந்தால் எழுதுங்கள்.

மாத்திரையை விடாதீர்கள்.

மரினால்வா


போவா சோம்ப்ரா
23 மே 2008

என் அன்பு மகள் மரினால்வாவுக்கு,

இந்தத் தடவை நீ ஆசி கேட்கவில்லை. மறந்திருப்பாய். நீ கேட்காவிட்டாலும் அன்றன்றைக்கு உள்ளதைக் கொடுத்துத்தான் வருகிறேன்.

ஒன்பது வரிசையும் போயின. நீ சொன்னபடியே இரண்டு வாரத்தில் மொட்டை.

இப்போது ஒன்று சொல்லப் போகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. குளவிக்குப் பயந்து நான் பாதியோடு விட்டு ஓடிய செடி இருக்கிறதல்லவா? அது சாகவில்லை. இரண்டு இலையோடு நின்ற அடிக்கட்டை பக்கத்தில் துளிர்த்தது. ஏப்ரலிலேயே பார்த்துவிட்டேன். உடனே எழுதவில்லை. எழுதி, நீ சந்தோஷப்பட்டு, அடுத்த வாரம் மாடு மேய்ந்துவிட்டால் அதை எந்தக் கையால் எழுதுவேன்? தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். குளவிகளும் நானும் ஒருவரையொருவர் பழகிக்கொண்டோம். நான் மெதுவாகப் போகிறேன், அவை பேசாமல் இருக்கின்றன. இந்தப் பக்கம் மாலையில் நான் போய் நிற்பதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது.

பூத்தது. காய்த்தது. இலையில் அதே கருஞ்சிவப்புப் புள்ளி. இந்தத் தடவை அதைப் பார்த்து நான் தொப்பியைக் கழற்றினேன்.

ஆனால் காய் இன்னும் தட்டையாக இருக்கிறது. ஜூன் பதினைந்து முதல் மூன்று மாதம் எந்த நிலத்திலும் ஒரு சோயாச் செடிகூட உயிரோடு நிற்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் வேளாண் அதிகாரி வந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். “ஒத்தச் செடி நின்னாலும் அபராதம்தான், பாத்துக்கங்க” என்றார். வால்டிர் என்னைப் பார்த்தான். எனக்குக் காது சுட்டது, வீங்காத காதுகூட.

ஒரே ஒரு செடிதானே, மகளே. கூடை கவிழ்த்து மறைத்துவிடட்டுமா? பகலில் மூடி, காலையிலும் மாலையிலும் திறந்து வைக்கிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

எட்மில்சனுக்கு என் அன்பு.

உன் அப்பா
ஜொவெலினோ


லோண்ட்ரினா
2 ஜூன் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசி தாருங்கள். போன தடவை கேட்காததற்கும் சேர்த்துத் தாருங்கள்.

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். மறைக்காதீர்கள், அப்பா. துரு உயிருள்ள இலையில் மட்டும்தான் வாழும். இந்த மூன்று மாதம் இலையே கிடைக்காமல் அது பட்டினி கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான் நாடே வயலைக் காலியாகப் போடுகிறது. ஒரு செடி போதும் அது குளிர்காலத்தைத் தாண்ட. நம் செடி தாங்குகிறது என்று நமக்கே இன்னும் நிச்சயமில்லை. அப்புறம் அக்டோபரில் அந்தத் துரு வால்டிர் வயலுக்கு நம் வேலியிலிருந்து போனதாக இருக்கும்.

பதினான்காம் தேதிவரை விடுங்கள். அன்று வேரோடு பிடுங்கி, இலைகளை உருவி எரித்துவிட்டு, தண்டைக் காயோடு நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்புப் புகை படக் கூடாது. தண்டில் மிச்சமிருக்கும் சத்து காய்க்கு இறங்கும். ஒரு காயைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே விதை வெள்ளைத் தோலை விட்டுப் பிரிந்திருந்தால் முளைக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் முளைக்காது.

இன்னொன்று. எரிப்பதற்கு முன் வெள்ளைத் துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் பழுப்புத் தூள் ஒட்டினால் துரு பெருகியிருக்கிறது என்று அர்த்தம். தூள் இல்லையென்றால்... எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மகள்
மரினால்வா


போவா சோம்ப்ரா
2 ஜூலை 2008

என் அன்பு மகள் மரினால்வாவுக்கு,

கடவுள் உன்னைக் காப்பாராக, இரண்டு தடவை.

நீ சொன்ன பதினான்குக்கு ஒரு நாள் முன்பே, அந்தோணியார் திருநாளன்று பிடுங்கிவிட்டேன். கடைசி நாள்வரை விட்டால் எனக்கு மனசு வராமல் போய்விடும் என்று பயந்தேன். வெளியே எல்லோரும் விருந்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு வேலியோரம் மண்டியிட்டிருந்தேன். வால்டிர் வந்துவிட்டான்.

“என்னா பெரிசு, செடிக்கு மூக்குச் சிந்தி வுடுறியா?”

“வாய மூடிட்டுப் பாரு.”

ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். பிறகு கைக்குட்டையை வெயிலில் விரித்தேன். அவனும் குனிந்து பார்த்தான். மண் இருந்தது, என் வியர்வை இருந்தது. பழுப்புத் தூள் இல்லை. மருந்தடித்து மருந்தடித்து வாழ்கிறவன், அவனுக்குத் தெரியும். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “இது எங்கருந்துய்யா வந்துச்சு?” என்றான். “எம் பொண்ணுகிட்டருந்து” என்றேன். குத்தகைப் பேச்சை அன்று அவன் எடுக்கவில்லை.

பிடுங்கும்போது குளவிகள் ஒன்றும் செய்யவில்லை. வேர் சத்தமில்லாமல் வந்துவிட்டது. மாலையில் பழக்கத்தில் அங்கே போய் நின்றேன். அப்புறம் திரும்பி வந்தேன்.

தண்டு உன் அறையின் உத்தரத்தில் தொங்கியது. தினமும் பார்த்தேன். பச்சைக் காய் மஞ்சளாகி, பழுப்பாகி, நேற்று ஒன்று தானாக வெடித்தது. எல்லாக் காயையும் பிரித்தேன், மொத்தம் பதினான்கு விதை. தோலை விட்டு நன்றாகப் பிரிந்திருக்கின்றன. உன் அம்மாவின் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். கடிதம் தொலைந்தால் இன்னொன்று எழுதுவேன். இது தொலைந்தால்? நீ வந்து உன் கையால் எடுத்துக்கொண்டு போ. எட்மில்சனையும் அழைத்து வா. மூன்று வருடம் ஆகிவிட்டது உங்கள் இருவரையும் பார்த்து. பிடிவாதம் என்று சொல், சொல்லிவிட்டு வா.

உன் அப்பா
ஜொவெலினோ


லோண்ட்ரினா
10 ஆகஸ்ட் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆசி தாருங்கள். இன்று ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, தந்தையர் தினம். பேக்கரியில் எல்லோரும் கேக் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ரொட்டி வாங்கி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

துணியில் தூள் இல்லை என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

எட்மில்சன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, அப்பா. சண்டையில்லை. ஒருநாள் அக்கார்டியனை எடுத்துக்கொண்டு கூரிச்சிபாவுக்குப் போனான், அங்கே வேறொருத்தி இருக்கிறாள். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் அவனுக்கு அன்பு எழுதினீர்கள். அந்த அன்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் பதிலே எழுதாமல் விட்டேன்.

வால்டிர் சொன்னானே, பொண்ணு வீட்டில் போய் உட்கார் என்று. நான் ஏன் உங்களை ஒருமுறைகூட வாருங்கள் என்று கூப்பிடவில்லை என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். வந்தால் பார்த்துவிடுவீர்கள். இரண்டு நாற்காலியில் ஒன்றின்மேல் விதைப் பைகள். ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்துக்குத்தான் போகிறேன். செடிகள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஊருக்கு வந்தாலோ நீங்கள் வாசலிலேயே என் முகத்தைப் பார்ப்பீர்கள். அத்தோடு நான் உடைந்துபோவேன், திரும்பி வந்து வேலை செய்ய முடியாது. வராததற்கு ஆலங்கட்டி மழை காரணம் இல்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கவே மாட்டேன். நீங்கள் மெதுவாக வாசிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விதையை இந்த மாதத்துக்குள் மூடிய கண்ணாடிக் குடிலில் விதைத்தால்தான் சோதனைக்கு ஆகும், அங்கே தடை இல்லை. பிடிவாதம் என்று சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். என்னால் வர முடியவில்லை.

மரினால்வா


போவா சோம்ப்ரா
21 ஆகஸ்ட் 2008

என் அன்பு மகள் மரினால்வாவுக்கு,

கடவுள் உன்னைக் காப்பாராக.

மெதுவாகத்தான் வாசித்தேன். வாசித்த பிறகு அந்தச் செடியின் புள்ளி விழுந்த இலை ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. எழுதத் தொடங்கி ஏழு மாதம்தானே.

பதினான்கு விதையையும் முந்தாநாளே தனிப் பொட்டலமாக உனக்கு அனுப்பிவிட்டேன். ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியில் வைத்து, தீப்பெட்டியை உன் அம்மாவின் கைக்குட்டையில் கட்டியிருக்கிறேன். தபால்காரர் எடை போட்டுவிட்டு, “உள்ள என்னா பெரியவரே, நகையா?” என்றார். “சோயா” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதிவுத் தபாலில் போடச் சொன்னேன். படிவத்தை நானே நிரப்பினேன்.

நீ வர வேண்டாம். வர முடிகிறபோது வா. முடியாவிட்டால் எழுது. நாற்காலிமேல் இருக்கும் பைகளை எனக்காக எடுக்க வேண்டாம். நான் எந்த மூட்டைமேலும் உட்காருவேன்.

சர்க்கரைக் கிண்ணம் காலியாகிவிட்டது. மறுபடி சர்க்கரை போட்டுவிட்டேன். இரண்டு நாளாகக் காப்பியில் சோயா வாசம்.

கடைசியில் அன்பு சொல்லி ஒரு வரி எழுதுவேனே, அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டீச்சரிடம் கேட்டேன். “ஒண்ணும் எழுதலன்னா அப்படியே வெள்ளையா வுட்ருங்க ஐயா. அது பிழை இல்ல” என்றார். விட்டிருக்கிறேன்.



உன் அப்பா
ஜொவெலினோ


லோண்ட்ரினா
19 அக்டோபர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இது வழக்கத்துக்காக எழுதியது இல்லை.

பதினான்கில் ஒன்பது முளைத்தன. பச்சையிலேயே பிடுங்கிய செடிக்கு ஒன்பது அதிகம். இரண்டு இலை வந்ததும், உங்கள் பக்கத்துத் துருவையே தண்ணீரில் கலந்து இலைகளில் தெளித்தேன். அப்புறம் பத்து நாள் குடிலுக்குள் போகவே கால் வரவில்லை. போனபோது ஒரு செடியில் வெளிறிய புள்ளி. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன், உங்கள் மகள்தானே. மற்ற எட்டிலும் கருஞ்சிவப்பு. ஓர் இலையையும் விடவில்லை, அவ்வளவு அசிங்கம். துணியால் துடைத்தேன். அம்மாவின் கைக்குட்டையால்தான். தூள் இல்லை. அதைக் கொதிநீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.

இது மூட்டையாகி உங்கள் நிலத்துக்கு வர இன்னும் ஆறு வருடமாவது ஆகும். அதுவரை மேலே போய்ச் சேராமல் இருங்கள், வால்டிரைத் தோற்கடிக்கவாவது.

நோய் பட்ட இலையைத் தபாலில் அனுப்பக் கூடாது. அதனால் நீங்கள் வெள்ளையாக விட்ட அளவுக்கு இந்தத் தாளில் இடம் விட்டு, அங்கே ஓர் இலையை வரைந்திருக்கிறேன். புள்ளிகளுக்குச் சிவப்பு மை போதவில்லை, காப்பியையும் தொட்டுக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு வருகிறேன். பேருந்துச் சீட்டு வாங்கிவிட்டேன், ஒரே ஒரு சீட்டு. அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு வாங்கி வைக்காதீர்கள், இருவரும் போய் வாங்கலாம். கோழி ஒன்று போதும். என் முகத்தைப் பார்ப்பீர்கள். பாருங்கள்.

தொடக்கத்தில் நான் ஆசி கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. இந்தத் தடவை தபாலில் அனுப்ப வேண்டாம். வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
மரினால்வா